ஏழரைச் சுற்று

2022 மாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை. நாலரை மணி இருக்கும். வீட்டுக்குக் கீழே 'டொம்' என்று ஒரு சத்தம், கட்டில் வரைக்கும் அதிர்ந்தது. மனைவி எழுந்த வேகத்தில் நேராகக் குசினிக்குத்தான் ஓடினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்புதான் இலங்கை முழுக்க காஸ் சிலிண்டரும் அடுப்பும் வெடித்த கதையாகவே இருந்தது. நான் மண்சரிவு என்று நினைத்தேன். மலைநாட்டில் இரவில் சத்தம் கேட்டால் முதலில் மண்ணைத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு நானுஓயாவில், ரோட்டுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. ரோட்டு மட்டத்தில் மேட்டைக் குடைந்து கராஜ் கட்டி, அதற்கு மேலே வீட்டைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இடையில் 22 படிகள். (எங்கள் பக்கம் "வண்டி கராஜில் நிற்கிறது" என்று சொன்னால் "என்ன பழுது?" என்றுதான் கேட்பார்கள். நான் சொல்வது வீட்டுக் கராஜ். பழுதும் உண்டு, ஆனால் வண்டியில் இல்லை.) டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தால் சுவர் நிற்கிறது, கார் நிற்கிறது, கதவு சாத்தினது சாத்தினபடி இருக்கிறது. வெளிச்சத்தை மேலே அடித்தபோதுதான் தெரிந்தது. கதவுக்கு மேலே குறுக்கே ஓடும் தண்டில் இரண்டு பெரிய ஸ்பிரிங்குகள். வலது பக்கத்து ஸ்பிரிங்கின் நடுவில் இரண்டு அங்குல இடைவெளி, முன்பல் விழுந்த வாய் மாதிரி.

இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது சுருண்டு மேலே போகும் ரோலர் கதவு. அதன் ஸ்பிரிங் உருளைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், அது வேறு வேலை, அதை நான் தொட்டதில்லை. எங்களுடையது பலகை பலகையாக மடிந்து, தண்டவாளம் மாதிரி ஒரு பாதையில் ஏறி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும் வகை. வீட்டை எங்களுக்கு விற்றவர் வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்தவர். 2013இல் வீடு கட்டும்போது அங்கே பார்த்த கதவையே இங்கேயும் போட்டுவிட்டார், அதுவும் மேலே மரப்பலகை அடித்து. பார்க்க அழகுதான். பழுதானால் யாரிடம் போவது என்பதை அவர் யோசிக்கவில்லை. அவர் ஏன் யோசிக்க வேண்டும், அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

அந்தக் காலையில் நான் செய்த முதல் காரியம் ரிமோட்டை அழுத்தியது. மோட்டர் 'ம்ம்ம்' என்று முனகி, கதவை நாலு விரல் உயரம் தூக்கி, நின்றுவிட்டது. அதைச் செய்திருக்கக் கூடாது. ஸ்பிரிங் அறுந்த கதவை மோட்டரால் இழுத்தால் மோட்டருக்குள் இருக்கும் பல்சக்கரம் போய்விடும். எட்டு வருடமாகக் கதவைத் தூக்குவது மோட்டர் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். மோட்டர் சும்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற ஆள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டரில் இருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் கதவு மோட்டரை விட்டுக் கழன்றுவிடும். மின்வெட்டு நேரத்தில் அதைத்தான் இழுத்துக் கையால் திறப்போம். மகன் வழக்கம்போல அதை எட்டிப் பிடிக்கப் போனான். கதவு தூக்கியிருக்கும்போது, ஸ்பிரிங்கும் இல்லாமல், அந்தக் கயிற்றை இழுத்தால் முழுக் கதவும் தலையில் வந்து இறங்கும். நான் அவனைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் எழுந்து வந்துவிட்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று. கதவை முழுக்கக் கீழே இறக்கிக் கயிற்றை விட்டபிறகு, அவரும் பால்காரத் தம்பியும் நானுமாக மூன்று பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கி, இரண்டு யூக்கலிப்டஸ் கட்டைகளை முட்டுக் கொடுத்து, காரை வெளியே எடுத்தோம். எடுத்து என்ன, பெட்ரோல் கியூவில் கொண்டுபோய் நிறுத்தத்தான்.

ஸ்பிரிங் ஏன் அறுந்தது? வயது. இந்த வகை ஸ்பிரிங்கைச் சாதாரணமாக 10,000 தடவைக்கு என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். ஒருமுறை திறந்து ஒருமுறை மூடினால் ஒரு தடவை. காலையில் பள்ளிக்கூடம், மத்தியானம் திரும்ப, சாயந்தரம் டியூஷன், அப்புறம் எதையாவது மறந்து ஒன்று. ஒரு நாளைக்கு நாலு என்று வைத்தால் வருடத்துக்கு 1,460, ஏழு வருடத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். எங்களுக்கு ஒன்றரை வருடம் இனாமாகக் கிடைத்ததற்குக் காரணம் 2020 பங்குனியில் தொடங்கிய ஊரடங்காக இருக்க வேண்டும். ஆயுளோடு ஈரமும் சேர்ந்துகொண்டது. மேட்டைக் குடைந்த கராஜில் பின்சுவர் வருடத்தில் பாதி நாள் வியர்த்துக்கொண்டே நிற்கும். துரு கம்பியில் ஊசிமுனை அளவு குழி போடும், வெடிப்பு அங்கே ஆரம்பிக்கும். கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கிறது. அதனால்தான் யாரும் தொடாத நேரத்தில், குளிர்ந்த விடியலில், தானாக அறுந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இருபது வருடமாக ஊக்கின் விதியைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ரொபர்ட் ஊக் அதை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு விடுகதையாக வெளியிட்டார், 1678இல்தான் அவிழ்த்துச் சொன்னார்: நீட்சி எப்படியோ விசையும் அப்படி. பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். விற்றராசை, அதாவது ஸ்பிரிங் தராசை, எடுத்துக் காட்டினால் மட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது. பாதிப் பேருடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர். என் அம்மாவும்தான். கொழுந்துச் சாக்கை அந்தக் கொக்கியில் மாட்டும்போது அம்மா முள்ளைப் பார்க்க மாட்டார், எழுதுகிறவரின் கையைத்தான் பார்ப்பார். சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கழித்துத்தான் எழுதுவார்கள். ஸ்பிரிங் பொய் சொல்லாது, கணக்குப் புத்தகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அப்பா ஸ்டோரில் பிட்டராக இருந்தார். ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலை பெக்டரி. அவருக்கு ஊக்கைத் தெரியாது. ஆனால் பெல்ட்டோ கம்பியோ எது இழுபட்டு நின்றாலும் அதற்கு நேரே நிற்க மாட்டார், எங்களையும் நிற்க விடமாட்டார். "பக்கத்துல வாடா" என்று சட்டையைப் பிடித்து இழுப்பார். அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. அவருடைய தகரப்பெட்டி கராஜின் மூலையில்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டி உதவிக்கு வந்தது இப்படி. இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று அறுந்தால் இரண்டையும்தான் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே வயது, மற்றது இன்றோ நாளையோ. அறுந்ததைக் கழற்றுவது ஒன்றுமில்லை, அதில் முறுக்கு இல்லை. அறுகாமல் நிற்கிறதே, அதைத்தான் பயந்து பயந்து இளக்க வேண்டும். ஸ்பிரிங்கின் வெளிமுனையில் ஒரு வார்ப்புக் கூம்பு இருக்கும். அதைச் சுற்றி நாலு துளை, ஒவ்வொன்றும் அரை அங்குலம். அந்தத் துளைக்குள் இறுக்கமாகப் போகும் இரும்புக் கம்பிகள் இரண்டு வேண்டும், ஒன்றரை அடி நீளத்தில். டவுனில் இருந்து வெல்டிங் பாஸைக் கூட்டி வந்தேன். அவர் கட்டடக் கம்பியில் 12 மில்லிமீற்றர் துண்டு இரண்டு வெட்டிக்கொண்டு வந்தார். துளைக்குள் விட்டால் ஆடுகிறது.

"0.7 மில்லி தானே சேர் இடைவெளி, சமாளிக்கலாம்" என்றார்.

ஆடுகிற கம்பி வழுக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருப்பி விரலை இழந்தவர்களின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். முடியாது என்றேன். அப்போதுதான் அப்பாவின் பெட்டி நினைவுக்கு வந்தது. தோட்டத்து ஸ்டோரில் இருந்த மெஷின்கள் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தவை. உலர்த்துகிற சிரோக்கோ பெல்பாஸ்டில் இருந்து வந்தது. எல்லாமே அங்குலக் கணக்கு. பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, அரை அங்குல உருட்டுக் கம்பிகள் மூன்று கிடந்தன. துளைக்குள் விட்டேன். 'சக்' என்று உட்கார்ந்தது. பாஸ் கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா கையி சேர்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

இளக்குவது இப்படித்தான். முதலில் கதவு எழும்பாதபடி பாதையில் பூட்டுக் குறடு ஒன்றைக் கடிக்க விட வேண்டும். மோட்டரின் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஏணியை ஸ்பிரிங்குக்கு நேரே போடாமல் பக்கத்தில் போட வேண்டும். ஒரு கம்பியைத் துளையில் விட்டுப் பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான், கூம்பைத் தண்டோடு பிடித்திருக்கும் திருகாணிகளை இளக்க வேண்டும். இளகினதும் முழு முறுக்கும் கையில் வந்து நிற்கும். கம்பியைக் கால் சுற்று கீழே விட்டு, அடுத்த துளையில் இரண்டாவது கம்பி, முதலாவதை உருவி மறுபடியும். இப்படி 30 கால் சுற்றுகள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதன் கனம்தான். கனமே இல்லை. ஒன்றரை அடிக் கம்பியின் நுனியில் ஐந்து கிலோ அளவுதான் கை உணர்ந்தது, ஐந்து பக்கெற் சீனியைத் தூக்குகிற மாதிரி. இவ்வளவுதானா என்று தோன்றியது. பத்தாவது கால் சுற்றில் நான் பாஸோடு பெட்ரோல் விலை பேச ஆரம்பித்துவிட்டேன் என்றால் பாருங்கள். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த ஒரு ஸ்பிரிங்குக்குள் இருந்த சக்தி, 10 கிலோ அரிசிப் பையை ஐந்தரை மீற்றர் உயரத்தில் இருந்து போட்டால் வருகிற சக்தி. நெம்புகோல் அதை ஐந்து கிலோவாகக் காட்டிக் கையை ஏமாற்றுகிறது. கை வழுக்கியிருந்தால் அந்தக் கம்பி என் முகத்துக்கு ஐந்து கிலோவாக வந்திருக்காது. பாரமான வேலையில் யாரும் பராக்குப் பார்ப்பதில்லை, லேசாக இருந்தால்தான் வாய் பேசத் தொடங்குகிறது. அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தது இதற்குத்தான் என்று நாற்பத்தாறு வயதில் எனக்கு விளங்கியது.

ஸ்பிரிங்குகள் கழன்ற பிறகு கதவைக் கடப்பாரையால் நெம்பி, மனைவியின் எடை பார்க்கும் மெஷினை அடியில் தள்ளினோம். 94 கிலோ காட்டியது.

"என் மெஷின்ல 94ன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள் மனைவி.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்து வேணியர் இடுக்கிமானியைக் கொண்டுவந்திருந்தேன். ஒரு சுற்றை அளப்பதைவிட 20 சுற்றை நெருக்கி வைத்து அளந்து வகுப்பது நல்லது. 114 மில்லிமீற்றர், ஆக ஒரு கம்பி 5.7. உள்விட்டம் 51. மொத்தச் சுற்று 110. எந்தப் பக்கத்து ஸ்பிரிங் எது என்று சோக்கால் எழுதிக்கொண்டேன். எட்டுக் கிலோ இரும்பைச் சாக்கில் போட்டுக் கட்டி, இரவு மெயிலில் கொழும்புக்கு ஏறினேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் ஹட்டன் வரைக்கும் சாக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் தாங்காமல், "தம்பி, அது என்னாது?" என்றார். கதவு ஸ்பிரிங் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். அந்த மாதம் அது உண்மையாக இல்லை. டொலர் இல்லை, இறக்குமதி இல்லை, கடைகளில் பாதி அலுமாரி காலி. ரோலர் கதவின் ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டி, "இதைப் போடுங்க, எல்லாம் ஒன்னுதான்" என்றார்கள் இரண்டு கடைகளில். ஒன்றல்ல. மூன்றாவது கடைக்காரர் ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கும் பட்டறை ஒன்றுக்கு வழி சொன்னார். சந்துக்குள் சந்து. அங்கே ஒரு பெரியவர் சாக்கை அவிழ்த்துப் பார்த்து, "5.7 கம்பி இல்ல சேர். 6 இருக்கு. 0.3 மில்லி வித்தியாசம், கதவுக்குத் தெரியாது" என்றார்.

கதவுக்கு நன்றாகவே தெரியும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிப்பின் நான்காம் வலுவோடு ஏறுகிறது. 6ஐ 5.7ஆல் வகுத்து, வந்ததை நாலு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள், 1.23 வரும். அதாவது 0.3 மில்லிக்கு 23 வீதம் கூடுதல் விறைப்பு. அதே 110 சுற்றில் அதை மாட்டினால் கதவு கீழே உட்காராது, கூரைக்குத் துள்ளும். ஆனால் சுற்றைக் கூட்டினால் விறைப்பு குறையும், இரண்டு மடங்கு சுற்றுக்குப் பாதி விறைப்பு. அப்படியென்றால் 110ஐ 1.23ஆல் பெருக்க வேண்டும். 135 சுற்று. 6 மில்லிக் கம்பியில் 135 சுற்று என்றால் 81 சென்ரிமீற்றர் நீளம், எங்கள் தண்டில் இடம் இருக்கிறது. தடித்த கம்பிக்கு அதே வேலையில் அலுப்பும் குறைவு, ஆயுள் கூடும். சிகரெட் பெட்டி மட்டையில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். பெரியவர் மட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "சேர் படிப்பிக்கிறவரோ?" என்றார். ஆமென்றேன். "அதான்" என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

பட்டறைப் பையன் முதலாவதைச் சுற்றி முடித்து, இரண்டாவதையும் அதே திசையில் ஆரம்பித்துவிட்டான். நல்லவேளை, தேநீரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். தண்டின் நடுவில் முகம் பார்த்து நிற்கும் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே திசையில் தண்டைத் தள்ள வேண்டும் என்றால், ஒன்று வலப்பக்கமும் ஒன்று இடப்பக்கமும் சுருண்டிருக்க வேண்டும். உள்ளே நின்று கதவைப் பார்த்தால் இடதுபக்கம் வருவது வலச்சுருள், வலதுபக்கம் வருவது இடச்சுருள். அதுதான் குழப்பமே. "ஒன்னு வலம்புரி, ஒன்னு இடம்புரி தம்பி" என்றேன். சங்கை வைத்துச் சொன்னதும் பையனுக்குப் பிடிபட்டுவிட்டது. பழைய கூம்புகளைக் குறட்டில் பிடித்துக் கழற்றிப் புதியதில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

மாட்டுகிற வேலையில் பெரும்பகுதி அலுப்பூட்டும் வேலை. தண்டில் பழைய திருகாணி கடித்த இடங்களை அரத்தால் தேய்ப்பது, தண்டின் இரு முனையிலும் இருக்கும் உருளைகளில், கதவை இழுத்துத் தூக்கும் கேபிளைச் சரியாகப் படியவைப்பது, இப்படி அரை நாள் போனது. கதவின் அடிமூலையில் கேபிளைப் பிடித்திருக்கும் தகட்டை மட்டும், ஸ்பிரிங் முறுக்கேறியிருக்கும்போது எந்தக் காரணத்துக்கும் இளக்கிவிடாதீர்கள்.

முறுக்குவதற்கு முன்னால் வெள்ளைச் சோக்கை எடுத்து, ஸ்பிரிங்கின் நீளத்துக்கு ஒரு நேர்கோடு இழுத்தேன். வாத்தியார் வீட்டில் சோக்குக்குப் பஞ்சமில்லை. இது அலங்காரமல்ல, கணக்கு. கம்பியை விட்டுக் கீழிருந்து மேலே கால் சுற்று, மறுகம்பி, கால் சுற்று. நாலாவதில் நேர்கோடு வளைந்து ஸ்பிரிங்கை ஒருமுறை சுற்றிக்கொள்ளும். எண்ணிக்கை தப்பினாலும் கோட்டை எண்ணிக்கொள்ளலாம். கேபிள் சுற்றும் உருளையின் சுற்றளவு ஏறத்தாழ ஓரடி. கதவு ஏழடி. ஆகவே ஏழு சுற்று. கதவு மேலே போன பிறகும் கேபிள் தளராமல் நிற்க இன்னும் அரை. மொத்தம் ஏழரை.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு இது காதில் விழுந்தது.

"என்னங்க, எத்தனை?"

"ஏழரை."

"ஊர்ல எல்லாரும் ஏழரை எப்ப விலகும்னு கோயிலுக்குப் போறாங்க. நீங்க காசு குடுத்து, கொழும்புக்குப் போய், வீட்டு வாசல்ல ஏத்தி வைக்கிறீங்க."

பாஸ் சிரித்த சிரிப்பில் நான் சிரிக்காமல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பெட்ரோல் விலையில் கற்ற பாடம். முறுக்க முறுக்க ஸ்பிரிங் மெலிந்து நீளமாகிறது, ஒரு சுற்றுக்கு ஒரு கம்பித் தடிப்பு. ஏழரைக்கு நாலரை சென்ரிமீற்றர் அது நீண்டதைக் கண்ணால் பார்த்தேன். முடிந்ததும் திருகாணிகள். தண்டைத் தொட்ட பிறகு அரைச் சுற்று போதும். பாஸ் கையில் கொடுத்தால் அவர் பலத்துக்கு உள்ளே இருக்கும் குழாய்த் தண்டு நசுங்கும் என்று நானே இறுக்கினேன்.

சரி பார்ப்பதற்கு ஒரே வழிதான். மோட்டரைக் கழற்றிவிட்டு, கதவைக் கையால் இடுப்பளவுக்குத் தூக்கி, கையை எடுக்க வேண்டும். நிற்க வேண்டும். எங்களுடையது நின்று, யோசித்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி குறடு, ஏணி, கம்பி. இடதுபக்க ஸ்பிரிங்கில் மட்டும் கால் சுற்று. இரண்டும் ஒரே தண்டைத் தள்ளுவதால் ஒரு பக்கம் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. இப்போது தூக்கிக் கையை எடுத்தேன். 94 கிலோக் கதவு அந்தரத்தில் அப்படியே நின்றது. மகன் ஒரு விரலால் அதை மேலே தள்ளினான். பிறகு கீழே. பிறகு மேலே. பத்தாயிரத்தில் இருபதை அங்கேயே செலவழித்துவிட்டான்.

இன்னொரு தடவை செய்வேனா என்று கேட்டால், அளப்பேன், கணக்குப் போடுவேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஒயில் தடவுவேன், மாதத்துக்கு ஒரு நாள் கையால் தூக்கிப் பார்ப்பேன். இதெல்லாம் யாரும் செய்யலாம். துளைக்கு அளவான கம்பி கையில் இல்லாதவர்களும், கூம்பில் வெடிப்பைப் பார்த்தவர்களும் மேலே ஏற வேண்டாம். அப்பாவின் கம்பிகள் மூன்றும் இப்போது தனித் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன.

சோக்குக் கோடுகளை நான் அழிக்கவில்லை. ஈரத்தில் மங்கிப்போய் இன்னும் இருக்கின்றன. போன மாதம் ஒயில் தடவிக்கொண்டிருந்தபோது மனைவி கீழே நின்று விரலால் எண்ணினாள். வலதுபக்கத்தை எண்ணினாள். இடதுபக்கத்தை இரண்டு தடவை எண்ணினாள்.

"இந்தப் பக்கம் கால் கூட இருக்கே."

"ம்."

"அப்ப ஏழேமுக்காலா?"

"அந்தப் பக்கம் மட்டும்."

"பாதிதான் விலகியிருக்குன்னு சொல்லுங்க" என்று படியேறிப் போய்விட்டாள்.